செருப்பு போட்டுக்கொண்டு தண்ணீர் பிடிக்க வேண்டுமாம்

கடந்த ஐப்பசி மழையில் ஒரு நாள் இரவு, தோழர் ஒருவரின் துணைவியார் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணா, குழாயைத் தொட்டா சுருக்குன்னு இழுக்குது. பாப்பா தொட்டுட்டு அழுதுட்டா. கொஞ்சம் வந்து பாக்குறீங்களா?" நான் தொழிலால் வயர்மேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அடுத்தவர் வீட்டுச் சுவர்களைத் துளைத்துப் பிழைக்கிறேன். 'குழாயில் சுருக்' என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். "யாரும் தொடாதீங்கம்மா, மோட்டார் சுவிட்சை முதல்ல அணைங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

சென்னையின் தென்புறநகரில் நாம் எல்லோரும் பார்த்திருக்கும் வகை வீடுதான். முன்னால் உரிமையாளரின் இரண்டு மாடி வீடு. பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்னால் போனால் சிமெண்ட் ஷீட் போட்ட நான்கு போர்ஷன்கள், நான்குக்கும் சேர்த்து ஒரே குழாய். போர்ஷனுக்கு ஒரு சப்-மீட்டர் உண்டு. யூனிட்டுக்கு 10 ரூபாய் வாடகையோடு வைத்துவிட வேண்டும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட்டை அரசு இலவசமாகத் தருகிறது. அது இந்தச் சந்தைத் தாண்டி வருவதில்லை.

மோட்டாரை ஒரு முறை போட்டுவிட்டு டெஸ்டரைக் குழாயில் வைத்தேன். பளிச்சென்று எரிந்தது. மோட்டாரின் சுருளில் ஈரம் இறங்கி, மின்சாரம் அதன் உடம்புக்குக் கசிந்து, இரும்புக் குழாய் வழியாக வந்துகொண்டிருந்தது. இப்படிக் கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் கொண்டுபோகத்தான் எர்த் வயர் இருக்கிறது. அந்தப் பச்சை வயரை யாரோ எப்போதோ வெட்டி, முனையில் டேப் சுற்றி, சுவரோரம் செருகி வைத்திருந்தார்கள். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்த்தேன். ஃபியூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் முறுக்கிய தாமிர இழை. அது உருகுவதற்குள் வீடே பற்றிக்கொள்ளும்.

வீட்டுக்காரரைப் பார்க்கக் கிளம்பியபோது அந்தத் தங்கை வாசலில் மறித்தார். "அண்ணா, ஓனர்கிட்ட பெருசா எதுவும் பேசிடாதீங்க. காலி பண்ணச் சொல்லிட்டா எங்க போறது?" தோழர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மேடையில் மைக் பிடித்தால் நிறுத்தாமல் பேசுகிற மனிதர்.

வீட்டுக்காரர் நல்லவிதமாகத்தான் பேசினார். "மழைக்காலத்துல எல்லா வீட்லயும் இருக்கிறதுதான் தம்பி. செருப்பு போட்டுக்கிட்டு தண்ணி பிடிக்கச் சொல்லுங்க." இதையே கேட்டுக்கொண்டு திரும்பியிருப்பேன். வந்தது வந்தீர்கள், கூடத்தில் ஒரு மின்விசிறி சத்தம் போடுகிறது, அதையும் பாருங்கள் என்றார். அதற்காக அவர் வீட்டு மின் பெட்டியைத் திறந்தபோதுதான் பார்த்தேன், உள்ளே நல்ல நிறுவனத்தின் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று இருந்தது. சோதனைப் பொத்தானை அழுத்தினேன். டக்கென்று விழுந்தது. சரியாக வேலை செய்கிறது. பின் போர்ஷன்களுக்கும் அந்த மோட்டாருக்கும் போகிற லைன் அந்தக் கருவிக்கு முன்னாலேயே, மீட்டர் பலகையிலிருந்தே தனியாகப் பிரிந்து போயிருந்தது. ஏன் இப்படி என்று கேட்டேன். "பின்னாடி ஏதாவது ஆனா எங்க வீட்டுக் கரண்டும் சேர்ந்து போகுது தம்பி. அதான் முந்தி வந்த எலக்ட்ரீஷியன் பிரிச்சு விட்டுட்டார்."

அந்தக் கருவி என்ன செய்கிறது என்பதை எல்லாத் தோழர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டுக்குள் போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். போனதில் 30 மில்லி ஆம்பியர் அளவு திரும்பி வரவில்லையென்றால், அது வேறெங்கோ கசிகிறது, ஒருவேளை ஒரு மனித உடம்பின் வழியாகக் கசிகிறது என்று பொருள். கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். எம்.சி.பி. இருக்கிறதே, போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். போதாது. எம்.சி.பி. வயரைக் காப்பாற்றுவதற்கானது. 16 ஆம்பியர் எம்.சி.பி. விழ வேண்டுமானால் அதற்கும் மேலான மின்சாரம் ஓட வேண்டும். ஒரு மனிதரின் இதயத்தை நிறுத்த ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு போதும். ஈரத் தரையில் நின்று 230 வோல்ட்டைப் பிடித்தவர் செத்துக் கிடந்தாலும் எம்.சி.பி. பாட்டுக்கு நின்றுகொண்டிருக்கும். ஆர்.சி.சி.பி.யின் விலை சுமார் இரண்டாயிரம் ரூபாய்.

இந்தியாவில் மின்சாரம் தாக்கி ஆண்டுக்கு 12,000 பேருக்கும் மேல் சாவதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தொடர்ந்து கணக்குக் கொடுக்கிறது. 'விபத்து' என்ற தலைப்பின் கீழ்தான் அது வருகிறது. செத்தவர் சொந்த வீட்டில் இருந்தாரா, வாடகை வீட்டில் இருந்தாரா என்ற பத்தி அதில் இல்லை. எந்தச் சாதி என்ற பத்தியும் இல்லை. வயதும் பாலினமும் உண்டு. என் தொழிலில் நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: குழாயில் ஷாக், கிரைண்டரில் ஷாக், துணி காயப்போடும் கம்பியில் ஷாக் என்று எனக்கு வரும் அழைப்புகள் முன்வாசல் வீடுகளிலிருந்து வருவது அபூர்வம். சந்துக்குப் பின்னாலிருந்தும் மொட்டை மாடி ஷீட் அறைகளிலிருந்தும்தான் வருகின்றன. முன் வீட்டுக்கு இணைப்பு வாங்கிய நாளில் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரின் சோதனை அறிக்கை ஒன்று இருந்திருக்கும். பின்னால் கட்டியவற்றுக்கு எந்த அறிக்கையும் கிடையாது. இருக்கிற லைனிலிருந்து ஒரு வயரை இழுத்து, அதிலிருந்து இன்னொன்றை இழுத்து, கடைசி அறைக்குப் போகும்போது மூன்றாவது வயரே இருக்காது. மூன்று பின் பிளக்கின் மேல் துளை வெறும் ஓட்டை.

அலட்சியம், கஞ்சத்தனம் என்று இதைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். பல வீட்டுக்காரர்களிடம் இருப்பது அதுதான். ஆனால் அன்று இரவு என்னை உறுத்தியது வீட்டுக்காரரின் கஞ்சத்தனமல்ல, "பெருசா எதுவும் பேசிடாதீங்க" என்ற அந்தத் தங்கையின் கெஞ்சல்.

அந்த வீடு அவர்களுக்குக் கிடைத்த கதை இது. ஏழு வீடுகள் பார்த்தார்கள். எங்கும் யாரும் சாதியைக் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் யார் சாதியைக் கேட்கிறார்கள்? "சொந்த ஊர் எது?" என்பார்கள். ஊரைச் சொன்னால் "ஊர்ல எந்தப் பக்கம்?" என்பார்கள். "அசைவம் சமைப்பீங்களா?" "எந்தக் கோயில் உங்களுக்கு?" இரண்டு வீடுகளில் முன்பணம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, மறுநாள் "சொந்தக்காரங்க வர்றாங்க" என்று போன் வந்தது. எட்டாவது வீட்டில் அவர்கள் சொந்த ஊரைச் சொல்லாமல் பக்கத்து நகரத்தின் பெயரைச் சொன்னார்கள். வீட்டுக்காரர் தாமாகவே ஏதோ ஒரு சாதியை ஊகித்துக்கொண்டார். இவர்கள் மறுக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த அம்பேத்கர் படம் இப்போது பீரோவுக்குள் இருக்கிறது.

1917இல் பரோடா அரசில் வேலைக்குச் சேரப் போன அம்பேத்கருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைப் பதிவு செய்துகொண்டு தங்கினார். தட்டுமுட்டுச் சாமான்கள் அடைந்த அந்த மாடிக் கூடத்தில் மின்விளக்கு இல்லை, எண்ணெய் விளக்குகூட இல்லை என்று தன் நினைவுக் குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார். காப்பாளர் கொண்டுவந்து வைக்கும் சிறிய அரிக்கேன் விளக்கு ஒன்றுதான். பதினோராவது நாள் தடிகளோடு ஆட்கள் வந்து அவரை வெளியேற்றினார்கள். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்து வந்தவர், இருட்டைப் பற்றிக் காப்பாளரிடம் புகார் செய்திருக்க முடியுமா? பெயரை மறைத்துக்கொண்டு இருக்கும் இடத்தில் விளக்கு கேட்க முடியாது. நூறாண்டுக்குப் பிறகு எங்கள் தோழர் எர்த் வயர் கேட்க முடியாமல் நிற்கிறார்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. மோசமான சட்டம்கூட இல்லை. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் உள்ள வயரிங்கைப் பராமரிப்பது உரிமையாளரின் பொறுப்பு என்று அதன் அட்டவணை சொல்கிறது. சுவிட்சும் சாக்கெட்டும் பழுதானால்தான் குடியிருப்பவர் பார்த்துக்கொள்ள வேண்டும். உரிமையாளர் மறுத்தால் குடியிருப்பவரே வேலையை முடித்துச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். தகராறு வந்தால் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி வைக்கக் கூடாது. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. (எங்கள் தோழர் கொடுத்தது பத்து மாதம். அந்தப் பணம் மாட்டிக்கொண்டிருப்பதும் வாயைக் கட்டும் கயிறுதான்.)

ஆனால் இந்த உரிமைகளைக் கேட்டுப் போக வேண்டுமானால் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அது வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்க வேண்டும். ஒப்பந்தம் போட ஆதார் கொடுக்க வேண்டும். ஆதாரில் முகவரி இருக்கும். எங்கள் தோழரின் முகவரியில் 'காலனி' என்ற சொல் இருக்கிறது. அந்த ஒரு சொல் போதும், வீட்டுக்காரர் ஊகித்துவைத்த சாதி கலைந்துபோகும். அதனால் எழுத்தில் எதுவும் வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொன்னபோது தோழர் மனத்துக்குள் மகிழ்ந்திருக்கிறார். வரியும் பதிவுச் செலவும் மிச்சம் என்று அவர் கணக்குப் போட்டார், சாதி தெரியாமல் தப்பித்தோம் என்று இவர்கள் நினைத்தார்கள். இருவருக்கும் வசதியான அந்த வாய்மொழி ஏற்பாட்டில்தான் மொத்தச் சட்டமும் இவர்கள் கையை விட்டுப் போனது. அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் 2025இல் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் சொல் போனாலும் 'ஊர்ல எந்தப் பக்கம்' என்ற கேள்வி போகாது.

வாடகைக்கு வீடு தர மறுப்பதைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது? தலித்துகளைக் குடியிருக்கும் வீட்டைவிட்டு விரட்டுவதை வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றமென்கிறது. வீடே தராமலிருப்பதை அப்படிப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. பொருளாதாரப் புறக்கணிப்பு என்ற பிரிவுக்குள் கொண்டுவந்து வாதிடலாம்தான். ஆனால் "சொந்தக்காரங்க வர்றாங்க" என்பதை எந்தப் பிரிவில் நிரூபிப்பது? அரசமைப்பின் 15(2) கடைகளையும் உணவகங்களையும் விடுதிகளையும் பொதுக் கிணறுகளையும் சொல்கிறது, வாடகை வீட்டைச் சொல்லவில்லை. குஜராத்தில் ஒரு கூட்டுறவு வீட்டுச் சங்கம் தன் சமூகத்தாருக்கு மட்டுமே உறுப்பினர் தகுதி என்று வைத்திருந்த விதியை உச்ச நீதிமன்றம் 2005இல் செல்லும் என்று சொல்லிவிட்டது. சுகதேவ் தோரட் குழுவினர் டெல்லியிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு, தலித், முஸ்லிம் பெயர்களில் வீடு கேட்டால் எப்படிக் கதவு சாத்தப்படுகிறது என்பதையும், கதவு திறந்தாலும் எப்படிக் கூடுதல் நிபந்தனைகள் வருகின்றன என்பதையும் பதிவு செய்தது. அந்த ஆய்வோடு நான் சேர்த்துக்கொள்ள விரும்புவது ஒன்றுதான். கடைசியில் இவர்களுக்குக் கிடைக்கும் வீடு எது? மற்றவர் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போன வீடு. சுவரில் ஈரம் ஊறுவதைப் பார்த்து மற்றவர்கள் அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இவர்களுக்கு அடுத்த வீடு இல்லை. அதனால் அந்த வீட்டைச் சரிசெய்ய வேண்டிய நெருக்கடி வீட்டுக்காரருக்கு எப்போதும் வருவதில்லை. ஒருவர் காலி செய்தால், அதேபோல் எங்கும் இடம் கிடைக்காத இன்னொருவர் வருவார்.

குடியிருப்பவர் புகார் கொடுத்தால்தான் நடவடிக்கை என்று வைத்திருக்கும் எந்த ஏற்பாடும் இந்த வீடுகளுக்கு வேலை செய்யாது என்பதே என் வாதம். இங்கிலாந்தில் 2020இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். தனியார் வாடகை வீடு ஒவ்வொன்றின் வயரிங்கையும் குறைந்தது 5 ஆண்டுக்கு ஒருமுறை தகுதியுள்ளவர் சோதிக்க வேண்டும், அறிக்கையின் நகலைக் குடியிருப்பவரிடம் தர வேண்டும். தவறினால் 30,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கும் அதிகாரம் உள்ளாட்சிக்குக் கொடுக்கப்பட்டது. சோதனைக்கு ஏற்பாடு செய்ய வேண்டியது உரிமையாளர். குடியிருப்பவர் வாயைத் திறக்க வேண்டியதில்லை. நமக்கு வேண்டியது அதுதான்.

நம் ஊர் விதிகளோ சிறிய இணைப்புகளைத் தொடக்கத்திலேயே விட்டுவிட்டன. மத்திய மின்சார ஆணையத்தின் 2010ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிமுறைகள் கசிவு தடுப்புக் கருவியைக் கட்டாயமாக்கியபோது, 5 கிலோவாட்டுக்குக் குறைந்த சாதாரண இணைப்புகளுக்கு விலக்குக் கொடுத்தன. ஏசி போட்ட வீட்டுக்குப் பாதுகாப்பு, ஒரு குண்டு பல்பும் மின்விசிறியும் இருக்கும் வீட்டுக்கு விலக்கு. 30 மில்லி ஆம்பியருக்கும் கிலோவாட்டுக்கும் என்ன சம்பந்தம்? பிறகு அந்த வரம்பைக் குறைத்தார்கள். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் கருவியைக் கட்டாயமாக்கியது. காகிதத்தில் வந்துவிட்டது. மீட்டருக்குப் பின்னால் பிரிந்து போகிற வயரைப் பார்க்க யாரும் வருவதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க ஓர் ஊழியர் மீட்டர் பலகை வரை வரத்தான் செய்கிறார். சந்துக்குள் போக அவருக்கு அதிகாரமும் இல்லை, வேலையும் அதுவல்ல.

வாடகைக்கு விடும் ஒவ்வொரு போர்ஷனுக்கும் மின் சோதனை அறிக்கை கட்டாயமாக வேண்டும். அந்தப் பொறுப்பைக் குடியிருப்பவரின் ஒப்பந்தத்தோடு கட்டாமல், உரிமையாளர் உள்ளாட்சிக்குச் செலுத்தும் சொத்து வரியோடு கட்ட வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாதவருக்கும் அந்தப் பாதுகாப்பு இருக்க வேண்டும். சாதியைக் காட்டி வீடு மறுப்பதற்கு நேரடியான தண்டனைப் பிரிவு வேண்டும், வீட்டுத் தரகர்களையும் சேர்த்து. நம் இயக்கங்கள் கோயில் நுழைவுக்கும் இரட்டைக் குவளைக்கும் எதிராகப் போராடியிருக்கின்றன, ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் கேட்டுத் தெருவுக்கு வந்திருக்கின்றன. வாடகை வீட்டுக்காக நாம் நடத்திய ஆர்ப்பாட்டம் எத்தனை? வீட்டு வாசலில் தனித்தனியாக அவமானப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் திரும்பிவிடுகிறோம். கூட்டத்தில் பேசும் விஷயமாக அதை நாம் நினைக்கவே இல்லை. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நம் தோழர்களிலும் வீடு கட்டி வாடகைக்கு விடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலரின் மீட்டர் பலகையையும் நான் திறந்து பார்த்திருக்கிறேன். கறுப்புச் சட்டை போட்டவர் வீட்டிலும் பச்சை வயர் வெட்டப்பட்டுத்தான் கிடந்தது.

சட்டம் வரும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்கு ஒரு தொழிலாளியாகச் சில வார்த்தைகள். வீட்டில் எர்த் இல்லையென்றாலும் ஆர்.சி.சி.பி. வேலை செய்யும். அது போகிற, வருகிற மின்சாரத்தை ஒப்பிடுவதால் உயிரைக் காக்கும். எர்த் இருந்தால் நீங்கள் தொடுவதற்கு முன்பே விழும், இல்லாவிட்டால் தொட்ட பிறகு விழும், அவ்வளவுதான் வேறுபாடு. மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். கருவியைப் போட்ட உடனே விழுகிறது என்றால் பெரும்பாலும் கருவியில் பழுது இருக்காது. பக்கத்துப் போர்ஷனின் நியூட்ரலும் உங்கள் நியூட்ரலும் எங்கோ ஒன்றாக முறுக்கப்பட்டிருக்கும், அல்லது உண்மையிலேயே கசிவு இருக்கும். கருவியைக் கழற்றச் சொல்லாமல் அதைத் தேடிப் பிரிக்கச் சொல்லுங்கள். எர்த் இல்லாத இடத்தில் எர்த் துளையையும் நியூட்ரலையும் உள்ளுக்குள்ளேயே இணைத்துவிடுகிற எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். அந்த நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால் உங்கள் வாஷிங் மெஷினின் உடம்பு முழுக்க 230 வோல்ட் நிற்கும். அப்படிச் செய்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள். செருப்பு பாதுகாப்பு அல்ல. ஈரத்தில் தேய்ந்த ரப்பர் செருப்பை நம்பிக் குழாயைப் பிடிக்காதீர்கள். (ஊர்த் தெருவுக்குள் செருப்பு போடாதே என்று எங்கள் தாத்தாக்களை அடித்தவர்கள் இப்போது செருப்பு போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். இதை முன்னேற்றம் என்று கணக்கு வைக்க முடியுமா தெரியவில்லை.)

அன்று இரவு மோட்டாரின் இணைப்பைத் துண்டித்து வைத்தேன். மறுநாள் சந்து மூலையில் குழி தோண்டி, எர்த் கம்பி இறக்கி, மோட்டாரின் உடம்போடு சேர்த்தேன். தோழரின் போர்ஷனுக்கு ஓர் ஆர்.சி.சி.பி. போட்டேன். செலவு தோழருடையது, வாடகையில் கழிக்கவில்லை. வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "சுவர்ல ஓட்டை போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். மற்ற மூன்று போர்ஷன்கள் அப்படியே இருக்கின்றன. அங்கே இருப்பவர்களும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. அவர்கள் எந்த ஊரைச் சொல்லி அங்கே வந்தார்களோ.

தை பிறந்ததும் காலி செய்துவிடலாம் என்று தோழரும் தங்கையும் முடிவெடுத்திருக்கிறார்கள். போகும்போது அந்தக் கருவியைக் கழற்றிக்கொண்டு போக வேண்டும், வந்து கழற்றித் தாருங்கள் அண்ணா என்று சொல்லியிருக்கிறார்கள். இதுவரை மூன்று வீடுகள் பார்த்துவிட்டார்கள். மூன்றிலும் சொந்த ஊர் எது என்று கேட்டிருக்கிறார்கள். இவர்கள் ஒரு வீட்டிலும் எர்த் இருக்கிறதா என்று கேட்கவில்லை.